ஈடு மீட்ட கார்

1963 ஜனவரி 17, வியாழன்

காலையில் சுன்னாகத்துக்கு ஆள் ஏற்றி ஒரு ஹயர், பின்னேரம் பருத்தித்துறைக்கு ஒன்று. ஓடிவிட்டு வந்த இவர் சாப்பிடவில்லை. காரைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், வாளியை வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். இருமல். மூன்று மாதமாக இதே இருமல்தான். கேட்டால் "குளிர்" என்கிறார்.

அவருடைய துவாயைத் தோய்க்கப் போட்டபோது பார்த்தேன், ஒரு ஓரத்தில் சிவப்பு. வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வெற்றிலை போடுவதில்லை.

ஜனவரி 23, புதன்

யாழ்ப்பாணத்தில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கசம், காசநோய்.

டொக்டர் பதறாமல் சொன்னார். "இப்ப நல்ல மருந்து இருக்கு, பயப்பிடாதேங்கோ. ஆனால் காங்கேசன்துறை ஆசுப்பத்திரியிலை மாசக்கணக்கா இருக்கவேணும். கார் ஓட்டத்தை ஒரு வருசத்துக்கு மறந்துபோங்கோ."

திரும்பி வரும்போது அவரே ஓட்டினார். இருபாலை தாண்டியதும் அவர், "ஈட்டுக்காசு" என்று மட்டும் சொன்னார்.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு வந்தேன். இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கார் வாங்குவதற்காக இதைப் புத்தூர்ச் சந்தியில் கடை வைத்திருக்கிற கந்தப்புவிடம் ஈடு வைத்தோம். நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இவர் ஓடுவார், உழைப்பார், கட்டுவார். அதில் சந்தேகப்பட என்ன இருந்தது?

ஜனவரி 28, திங்கள்

கொண்டுபோய் விட்டோம். மகள் குணம் ஆசுப்பத்திரிக் கேற்றடியில் நின்று அவருக்குக் கை காட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்களாம்.

பெப்ரவரி 19, செவ்வாய்

காரைச் சம்பளத்துக்கு ஓட ஒருவரும் வருகிறார்களில்லை. விற்கலாம் என்றால், ஏழாயிரம் பெறுமதியான காருக்கு ஆயிரத்தைந்நூறு கேட்கிறார்கள். சந்தியில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்களாம், "கசக்கார்" என்று. பள்ளிக்கூடத்தில் குணத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை இடம் மாறி இருந்துவிட்டதாம். குணம் அழவில்லை. வீட்டுக்கு வந்து காரின் பின் சீற்றில் ஏறி இருந்து பாடம் படித்தாள்.

மார்ச் 6, புதன்

கந்தப்புவுக்கு வழக்குப் பேசுகிற பிறக்கிராசியின் கடிதம் வந்தது. ஆறு மாத வட்டி நிலுவையாம். முழுக்காசையும் கட்டாவிட்டால் கோட்டுக்குப் போய் வீட்டை ஏலத்தில் விடுவார்களாம்.

மார்ச் 7, வியாழன்

கந்தப்பு வீட்டுக்குப் போனேன். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கதைத்தார்.

"பிள்ளை, எனக்கும் கலியாணம் கட்டாத குமர் ஒண்டு இருக்கு. சீதன வீடில்லாமல் கனகாம்பிகையைக் கட்ட ஆர் வருவினம்? ஏலத்துக்குப் போனால் உனக்குத்தான் வெக்கம். இப்பவே வீட்டை அறுதியா வித்து எழுதித் தா. மிச்சக் காசைக் கையிலை தாறன். ஒரு வருசம் வாடகையில்லாமல் இருங்கோ."

இரண்டு வருடமாக என் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிற மனிதர். கல்வீடு, றோட்டுக்கரை, நல்ல தண்ணிக் கிணறு. அவருக்கு வேண்டியது காசில்லை.

பின்னேரம் என் கூடப்பிறந்த ஏரம்பு அண்ணை வந்தார். அவரும் அதையேதான் சொல்கிறார். "எழுதிக் குடுத்திட்டு எங்களோடை வந்திரு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை."

வந்திரு எண்டால்? மச்சாளின்ரை குசினிக்குள்ளை, அடுப்புக்குப் பக்கத்திலை ஒரு மூலையோ? அவர் வருத்தம் மாறி வந்தால் எங்கை வந்து படுப்பார்? நான் என்ன பிழை செய்தனான்? ஒரு கையெழுத்துத்தானே போட்டனான். மாட்டன். எழுதிக் குடுக்கமாட்டன்.

மார்ச் 10, ஞாயிறு

காங்கேசன்துறை. கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறார். ஊசி போட்ட இடமெல்லாம் வீங்கியிருந்தது. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நான் ஓடட்டே?" என்று கேட்டேன்.

"எதை?"

"காரைத்தான்."

நாங்கள் கார் வாங்கிய புதிதில், வல்லை வெளியில் ஆளில்லாத நேரம் பார்த்து என்னிடம் கொடுத்து ஓடப் பழக்கினவர் அவர்தான். சனம் சிரிக்கும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அது ஒரு விளையாட்டு. ஏழெட்டுத் தரம் ஓடியிருப்பேன்.

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடாதையும். தட்டுத் தேஞ்சு போம்" என்றார்.

மார்ச் 18, திங்கள்

விடிய ஐந்தரைக்குக் காரை எடுத்தேன். கேற்றுத் தூணில் உராஞ்சினேன். வல்லை வெளியில் காற்று. ஒரு மணித்தியாலம் போய் வந்து, திருப்பி, நிறுத்தி, பின்னுக்கு எடுத்து. சேலை பிறேக்கில் சிக்கிவிட்டது. நாளைக்கு ஊசி குத்திக்கொண்டு போகவேண்டும்.

ஏப்ரல் 4, வியாழன்

லைசென்ஸ் எடுத்துவிட்டேன்!!

சோதிக்க வந்தவர் பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொந்தத் தேவைக்கோ?" என்றார். "ஹயர் ஓட" என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டார். நகரத்துக்குள் ஓடவிட்டார், பெரிய கடைப் பக்கம் மாட்டுவண்டிகளுக்கு நடுவே விட்டார். அதோடு விடவில்லை. பஸ் ஸ்ராண்டில் இரண்டு பஸ்ஸுக்கு இடையில் பின்பக்கமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். சனம் கூடிவிட்டது. ஒருவன் விசில் அடித்தான். நான் கண்ணாடியை மட்டும் பார்த்தேன். ஒரே எடுப்பில் விட்டேன். விசில் அடித்தவன் கை தட்டினான்.

சோதித்தவர் இறங்கும்போது, "உங்களுக்கு ஓடப் பழக்கினது ஆர்?" என்று கேட்டார். "என்ரை அவர்" என்றேன்.

ஏப்ரல் 6, சனி

அண்ணை வந்து கத்திவிட்டுப் போனார். "பொம்பிளை சந்தியிலை நிண்டு ஹயர் பிடிக்கிறதோ? செத்தாலும் உன்ரை காரிலை ஏறமாட்டன்." போகும்போது செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

மூன்று கிழமை. ஒருவரும் ஏறவில்லை. டெற்றோல் போட்டுச் சீற்றெல்லாம் கழுவி, வெயிலில் கதவு திறந்து விட்டிருக்கிறேன். சந்தியில் மற்றக் கார்களுக்குப் பின்னால் நிற்கிறேன். சனம் என் காரைத் தாண்டிப் போய் அடுத்ததில் ஏறுகிறது. பகல் முழுக்க ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பது ஓடுவதைவிடக் களைப்பு.

மே 9, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பதினொரு மணி இருக்கும். யசிந்தா மிஸி சைக்கிளில் சந்திக்கு வந்தா. எங்கள் பகுதியின் அரசாங்க மருத்துவிச்சி அவ. வேதக்கார மனுசி, ஒருவருக்கும் பயமில்லை. எங்கள் ஊர் இரத்தினம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டுவிட்டதாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகவேண்டும். முன்னால் நின்ற இரண்டு கார்க்காரரும் மாட்டோம் என்றுவிட்டார்கள். சீற் பழுதாகுமாம், துடக்காம், தீட்டாம்.

"உவங்களை என்ன மரத்திலையிருந்து பிடுங்கினதோ?" என்று மிஸி சந்தியே கேட்கச் சொன்னா. பிறகு என்னிடம் வந்தா. "மலர், நீங்கள் வாறியளோ?"

"மிஸி, என்ரை கார்…"

"தெரியும். வெயிலும் டெற்றோலும் பட்ட சீற்றிலை ஒரு கிருமியும் இராது. படிச்சனான் சொல்லுறன். எடுங்கோ காரை!"

இரத்தினம்மா வீட்டு வாசலில் அவளின் தாய் மட்டும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினா. இரத்தினம்மாவே தாயைத் தள்ளிவிட்டு ஏறினாள். நீர்வேலி, கோப்பாய், இருபாலை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கோப்பாயில் மாடொன்று குறுக்கே வந்தது, அது மட்டும் ஞாபகம். பின்னால் அவள் கத்த, மிஸி, "மூச்சை விடு, மூச்சை விடு" என்று சொல்ல, நானும் சேர்ந்து மூச்சு விட்டேன்.

இரண்டு மணிக்கு ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. இருவருக்கும் சுகம். டொக்டர், "அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை" என்றாராம்.

வீட்டுக்கு வந்து சீற்றைக் கழுவினேன். ரத்தம் லேசில் போகவில்லை. கழுவக் கழுவ எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை வேறு ஒருவரிடமும் சொல்ல முடியாது.

மே 27, திங்கள்

போன கிழமை நான்கு பிள்ளைத்தாச்சிகள். ஒருத்தி அச்சுவேலியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தாள். "பொம்பிளை ஓடுற கார்" என்று கேட்டு வந்தார்களாம். கசக்கார் என்று கேட்கவில்லை.

யூன் 30, ஞாயிறு

பிள்ளை பெறப் போகிறவர்கள், பெற்றுக்கொண்டு திரும்புகிறவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிற மாமிமார். கண் பார்வை குறைந்த கிழவிகள், தனியாகப் போகப் பயப்படுகிற ரீச்சர்மார். இத்தனை பெண்கள் இத்தனை நாளும் எதில் போனார்கள்?

அவரிடம் சொன்னேன். இப்போது சளியில் கிருமி இல்லையாம். சிரித்தார், இருமல் வராமல் சிரித்தார். "கிளச்?" என்றார். "கால் வைக்கிறேல்லை" என்றேன்.

ஓகஸ்ற் 2, வெள்ளி

யாழ்ப்பாணம் டிஸ்திரிக் கோடு, ஈட்டு வழக்கு. என் பிறக்கிராசி அருட்பிரகாசம், தவணை கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். கந்தப்புவின் பக்கத்துப் பிறக்கிராசி எழும்பி, புருசன் ஆசுப்பத்திரியில், இந்தப் பெண்ணுக்கு வருமானம் ஏது என்று கேட்டார். நீதிபதி இங்கிலீசில் கேட்க, துவிபாசி எனக்குத் தமிழில் சொன்னார்.

"கார் ஓடுறன், ஐயா."

பின்னால் சிரித்தார்கள்.

"காரோ? எங்கே இப்போது அந்தக் கார்?" என்று நீதிபதி கேட்டார்.

"வெளியிலை நிக்குது. அதிலைதான் வந்தனான். மூண்டு மணிக்கு உரும்பிராயிலை ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்தவேணும். ஐயா கெதியா விட்டால் நல்லது."

துவிபாசி அதை இங்கிலீசாக்கி முடிக்கும்வரை நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். மாதம் இருநூற்றைம்பது, பன்னிரண்டு மாதம். கடைசியில், அடுத்த யூலை முப்பத்தோராம் திகதிக்கு முன், மிச்சம் ஐந்நூறு. ஒரு தவணை தப்பினாலும் வீடு ஏலம்.

மூன்று மணிக்கு உரும்பிராயில் நின்றேன்.

ஒக்ரோபர் 24, வியாழன்

மழை. வல்லை வெளியில் றோட்டுத் தெரியவில்லை. மூன்றாம் தவணை கட்டியாயிற்று.

நவம்பர் 14, வியாழன்

காய்ச்சல். ஆனாலும் இரண்டு ஹயர்.

1964 ஜனவரி 9, வியாழன்

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்! நானே போய் ஏற்றிவந்தேன். முன் கதவைத் திறந்து இருக்கச் சொன்னேன். அவர் சுற்றிப்போய்ப் பின் சீற்றில் ஏறினார். "ஹயர் எண்டால் பின்னுக்குத்தானே" என்றார். தெல்லிப்பழை தாண்டியும் பகிடி விட்டுக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவருக்குக் காட்டவில்லை.

இன்னும் ஒரு வருடம் மருந்துக் குளிசை விழுங்கவேண்டும். கார் ஓடக்கூடாது. சமைப்பேன் என்கிறார்.

பெப்ரவரி 15, சனி

அவர் வைக்கிற சொதி என்னுடையதைவிட நல்லது. குணம் சொல்கிறாள். எனக்கும் தெரியும்.

மார்ச் 3, செவ்வாய்

நெல்லியடிப் பக்கத்தால் வரும்போது வெயிலில் ஒருவர் குடையில்லாமல் நிற்கிறார். ஏரம்பு அண்ணை. பஸ் பழுதாம். நிறுத்தினேன். அவர் றோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

புத்தூர்ச் சந்தி வந்ததும், "இதிலை விடு" என்றார். மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "என்ன அண்ணை, தங்கச்சியிட்டைக் காசோ?" என்றேன். "நீ தொழில் செய்யிறாய். பிடி" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் தந்ததிலேயே எனக்குப் பெரியது அதுதான்.

யூன் 26, வெள்ளி

கிளச் போய்விட்டது. இணுவிலில், நடு றோட்டில். கராச்சில் இழுத்துக்கொண்டுபோய் விட்டோம். தட்டு மட்டுமில்லை, கியர்ப்பெட்டியும் அவிழ்க்கவேண்டுமாம். கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும். பதினைந்து நாள்.

யூன் 27, சனி

பதினோராம் தவணை நேற்றைக்கு முதல்நாள் கட்டினது. கடைசித் தவணைக்கும் அந்த ஐந்நூறுக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைச்சது முழுக்கக் கராச்சுக்குப் போகப்போகுது. காரைத் திருத்தாட்டி உழைப்பில்லை. திருத்தினால் கட்டக் காசில்லை. ஒரு வருசம் ஓடி, கரையிலை வந்து நிக்கேக்கையோ இப்பிடி வரவேணும்? கடவுளே, நான் கால் வைக்கேல்லை, ஒரு நாளும் கிளச்சிலை கால் வைக்கேல்லை.

அவர் என் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டார்.

யூலை 12, ஞாயிறு

காலையில் கந்தப்பு மேசனோடு வந்து நின்றார். கையில் அளவு நாடா. கனகாம்பிகைக்கு ஆவணியில் கலியாணமாம், முற்றத்தில் பந்தல் போட இடம் காணுமோ என்று பார்க்கவேண்டுமாம். நாடாவின் ஒரு நுனியை மேசன் எங்கள் கிணற்றுக் கட்டில் பிடித்தான்.

இவர் எழும்பினார். நான் முந்திவிட்டேன்.

"கந்தப்பண்ணை, நாடாவைச் சுருட்டுங்கோ. இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு."

"உன்ரை கார் கராச்சிலை கிடக்குதாமே, பிள்ளை."

"கார்தானே கராச்சிலை. நான் இஞ்சை நிக்கிறன்."

மேசன்தான் முதலில் நுனியை விட்டான். நாடா சர்ரென்று கந்தப்புவின் கைக்குள் சுருண்டது.

யூலை 14, செவ்வாய்

கார் வந்துவிட்டது. பின்னேரமே மூன்று ஹயர்.

யூலை 25, சனி

பத்து நாளும் விடியலிலிருந்து பொழுது படும்வரை ஓட்டம். கடைசித் தவணை இருநூற்றைம்பதும் சேர்ந்துவிட்டது. ஐந்நூறுக்கு வழியில்லை.

யசிந்தா மிஸி ஒரு சீட்டு நடத்துகிறா. இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் இருபத்தைந்து. நானும் இருக்கிறேன். என் முறை மார்கழியில். இந்த மாதத்து முறை மகாதேவி ரீச்சருக்கு. தையல் மெசின் வாங்க ஒரு வருடமாகக் காத்திருக்கிறா.

கேட்க வாய் வரவில்லை. மிஸிதான் எல்லோருக்கும் முன்னால் விசயத்தைச் சொன்னா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகாதேவி ரீச்சர் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை.

"மெசின் மார்கழியிலையும் வாங்கலாம். வீட்டை மார்கழியிலை வாங்கேலாது. மலர், நீர் எடும்."

"கழிவு?" என்று ஒருத்தி கேட்டாள். முறை மாறி எடுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் எடுக்கவேண்டும், அதுதான் வழக்கம். பிள்ளையை மடியில் வைத்திருந்த இரத்தினம்மா, "ஆர் கழிவு கேக்கிறது?" என்று திரும்பினாள். பிறகு ஒருத்தியும் கேட்கவில்லை.

இது தருமமில்லை. மார்கழியில் ரீச்சர் எடுப்பா, நான் கடைசிவரை கட்டுவேன். அதனால்தான் நிமிர்ந்து வாங்க முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன்.

யூலை 29, புதன்

கட்டிவிட்டேன். இரண்டு நாள் முந்தி.

கோட்டுக் கிளாக்கர் இரண்டு தரம் எண்ணினார். முத்திரை குத்தினார். அருட்பிரகாசம் பிறக்கிராசி ஈட்டு உறுதிப் பத்திரத்தை வாங்கி, தீர்ந்தது என்று எழுதுவித்துத் தந்தார். அவருக்குரிய கூலி எவ்வளவு என்று கேட்டேன். "என்ரை மருமகளுக்குப் புரட்டாதியிலை பிள்ளை பெற நாள். அப்ப வாங்கோ, கழிச்சுக்கொள்ளுவம்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் கந்தப்பு நின்றார். கோபமாகத் தெரியவில்லை, களைத்த மாதிரி இருந்தது. மகள் கனகாம்பிகைக்கு என்ன சொல்வதென்று யோசித்திருப்பார். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. "வாறியளோ அண்ணை, புத்தூருக்குத்தான் போறன்" என்றேன். தலையாட்டி வேண்டாம் என்றார்.

கோப்பாய் வெளியில் ஒருவரும் இல்லை. காரின் கோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தேன். வெட்கமாகவே இல்லை.

செப்ரம்பர் 3, வியாழன்

கனகாம்பிகையின் கலியாணம் கந்தப்புவின் சொந்த முற்றத்திலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடில்லாமலே சம்மதித்துவிட்டார்களாம். நல்ல பிள்ளை அவள், அவளுக்கு எது குறைச்சல்? மணப்பொம்பிளையைக் கோயிலுக்கு ஏற்றிப்போக என் கார்தான் வேண்டும் என்று தாய்க்காரி வந்து கேட்டா. பூச்சரம் கட்டிக்கொண்டு போனேன். ஹயர்க்காசு முழுவதும் வாங்கினேன், ஒரு சதமும் குறைக்கவில்லை. கந்தப்புவே எண்ணித் தந்தார்.

நவம்பர் 6, வெள்ளி

காலையில் மேசன் வந்து பின்னறைக் கூரையில் ஏறினார். போன மாரி முழுக்க அந்த அறையில் ஒழுகிற இடமெல்லாம் சட்டியும் பானையும்தான். ஆர் வீடாகப் போகுதோ, அதுக்கு நாங்கள் ஏன் ஓடு மாற்றவேணும் என்று ஒரு ஓடுகூட வாங்கவில்லை. இந்த முறை முப்பது ஓடு. இவர் முற்றத்தில் நின்று, "இஞ்சாலை ஒண்டு, அங்காலை ஒண்டு" என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சத்தம் போட அவருக்கு இப்போது மூச்சு இருக்கிறது.

எனக்கு நின்று பார்க்க நேரமில்லை. சாவகச்சேரிக்கு ஒன்று, பிறகு ஆவரங்காலில் முதற்பிள்ளைக்காரி ஒருத்தி.

திரும்பும்போது நல்ல மழை. நனைந்துகொண்டு ஓடிவந்து பின்னறைக் கதவைத் திறந்தேன். தந்தையும் மகளும் பாயைப் போட்டுப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டிகளெல்லாம் குசினியிலேயே இருந்தன.